தடுப்பார் இல்லாத ஆசை

"பேராசை பெருநஷ்டம்" என்னும் பழமொழியை நாம் பாலர் வகுப்பிலேயே பாடம் செய்துவிட்டோம். பாடம் செய்தவர்களில் பெரும்பாலோர் அதனைப் பிறருக்குச் சொல்லவே பயன்படுத்துகின்றனர்; தமக்குச் சொல்லிக்கொண்டவர் மிகச் சிலர். இதில் ஒரு விந்தையும் உண்டு. இப்பழமொழி எக்காலத்தும் மேலிருந்து கீழ்நோக்கியே பேசப்பட்டு வந்திருக்கிறது. கூலி கூட்டிக் கேட்டவனுக்கு முதலாளி இதைச் சொன்னான். படிக்க வேண்டும் என்று அழுத பிள்ளைக்கு, அது எந்தக் குலத்தில் பிறந்தது என்று கணக்குப் பார்த்த பெரிய மனிதர் இதைச் சொன்னார். ஆனால், ஆயிரம் வேலி நிலமுடையவன் பக்கத்து ஏழையின் கால் காணியையும் வளைத்துப் போட்டபொழுது, அவன் வாயிற்படியில் நின்று இதைச் சொன்னவர் உண்டோ? அவனுக்குக் கிடைத்ததெல்லாம் வாழ்த்துப்பாவும் மாலையுமே.

நாம் வாழும் பெட்டாலிங் ஜெயாவையே எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரின் ஜனநெருக்கத்தைக் குறைக்கும் பொருட்டு, எஃபிங்ஹாம் என்னும் ரப்பர்த் தோட்டத்தின் சுமார் 1,200 ஏக்கர் நிலத்தில், 1950-களின் தொடக்கத்தில் எழுந்த ஊர் இது. 2006 ஜூன் 20-ல் மாநகரம் என்னும் தகுதி பெற்றது. பால்மரங்கள் வரிசை பிடித்து நின்ற மண்ணில் இன்று பல மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. லயத்து வீடுகளில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அக்கட்டடங்களில் வழக்கறிஞராகவும் கணக்காயராகவும் அமர்ந்திருக்கின்றனர். அவர்தம் பாட்டன்மார், "போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று எண்ணிப் பால்வாளியோடு மனநிறைவு கொண்டிருந்தால் இஃது நடந்திருக்குமா? தம் பிள்ளை தம்மைவிட உயர வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டார்கள். அந்த ஆசைக்காகவே அரை வயிறு உண்டார்கள். ஆகவே, ஆசையே தீது என்று ஏழை மக்களுக்குப் போதிப்பது நமக்கு உடன்பாடன்று. ஆனால், உயர வேண்டும் என்னும் அதே ஆசை மனிதனைக் கொலைகாரனாக்கியதும் உண்டு. அப்படியாயின், அது நஞ்சாக மாறும் இடம் எது?

ஞாயிறு மாலைகளில் நம் வீட்டுக் கூடத்தில் இளைஞர் சிலர் கூடி நாடகம் படிப்பது வழக்கம். கடந்த சில திங்களாக ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தைப் படித்து வந்தோம். கல்லூரியில் பயிலும் பெண் ஒருத்தி, முதல் அங்கம் முடிந்த அன்றே நம்மைக் கேட்டாள்: "ஐயா, சூனியக்காரிகள் மூவரும் அவன் அரசனாவான் என்று சொன்னார்கள், சொன்னபடியே ஆனான். விதி அப்படி இருந்தால் அவன் மேல் என்ன குற்றம்?"

கேள்வி சிறிது, ஆனால் நம் சமூகத்தின் பாதி நோய் அதில் அடங்கிக் கிடக்கிறது. நாம் அப்பெண்ணுக்குச் சொன்னதை இங்கும் சொல்லுகிறோம். அந்த மூவரும் "நீ அரசனாவாய்" என்றனரேயன்றி, "உன் வீட்டில் உறங்கும் விருந்தினனைக் குத்து" என்று ஒரு சொல்லும் கூறவில்லை. மேலும், அவ்வார்த்தைகளைக் கேட்டவர் இருவர். உடன் நின்ற பாங்கோவுக்கும், அவன் சந்ததியார் அரசாளுவர் என்று சொல்லப்பட்டது. பாங்கோ அதற்காகக் கத்தியைத் தீட்டவில்லை. குறி ஒன்றே, கேட்ட செவி இரண்டு, விளைந்தது வேறு வேறு. குற்றம் குறியில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொன்றும் காண்க. மாக்பெத்துக்குச் சொல்லப்பட்ட பட்டங்களில் ஒன்றாகிய காடார்ப் பிரபு என்னும் பட்டம், அவன் விரலசைக்காமலே அவனைத் தேடி வந்தது. விதியை அவன் மெய்யாக நம்பியிருந்தால், முடியும் அவ்வாறே வரும் என்று வாளாவிருந்திருக்க வேண்டும். அவன் இருக்கவில்லை. பின்னர், பாங்கோவின் வழிவந்தோர் ஆள்வர் என்ற குறியை நினைத்தபொழுது, அதனை விதி என்று ஏற்றுத் தலை வணங்கவும் இல்லை. பாங்கோவையும் மகனையும் கொல்ல ஆளனுப்பினான். ஆதாயமானபோது விதி, ஆதாயம் இல்லாதபோது கத்தி! சாதகக் கட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ராஜயோகம் வருகிற பக்கத்தை மட்டும் நம்பி, கண்டம் வருகிற பக்கத்துக்குப் பரிகாரம் தேடும் நம்மவரும் இதையேயன்றோ செய்கின்றனர்? தாம் முன்னமே செய்யத் துணிந்த காரியத்துக்குத் தெய்வத்தின் கையெழுத்தை வாங்கிக்கொள்வதே இவ்வித்தையின் பயன்.

நாடகாசிரியர் இக்கதையைச் செய்த விதமும் கருதத்தக்கது. மாக்பெத் என்னும் அரசன் ஸ்காட்லாந்தில் மெய்யாகவே இருந்தவன். 1040 முதல் 1057 வரை ஆண்டவன். டங்கனை அவன் வென்றது போர்க்களத்தில், படுக்கையறையில் அன்று. டங்கனும் நரைத்த கிழவனல்லன். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலிலே, மாக்பெத் ஆண்டுகள் பத்து நல்லாட்சி புரிந்தான் என்றும், பாங்கோ அவனுக்குக் கொலையில் உடந்தை என்றும் காணப்படுகிறது. சுமார் 1606-ல் நாடகத்தை எழுதியவர் இவற்றையெல்லாம் நீக்கினார். பாங்கோவின் வழிவந்தவராகத் தம்மைக் கருதிய ஜேம்ஸ் மன்னர் அப்பொழுது அரியணையில் இருந்தமை ஒரு காரணமாகலாம். ஆயினும் நீக்கியதன் பயன் பெரிது. டங்கன் முதியவனாகவும், சாந்தனாகவும், மாக்பெத்துக்குப் பட்டமளித்த உபகாரியாகவும் ஆனான். மாக்பெத்துக்குச் சொல்லிக்கொள்ள ஒரு குறையும் இல்லை. பழிவாங்க ஒரு பழியும் இல்லை. எஞ்சி நிற்பது ஆசை ஒன்றே. அதை அவனே தன் வாயால் ஒப்புக்கொள்கிறான்.

கொலைக்கு முன் அவன் தனித்து நின்று எண்ணிப் பார்க்கும் இடமே நாடகத்தின் உயிர்நிலை என்பது நம் அபிப்பிராயம். வந்திருப்பவன் உறவினன்; தன் அரசன்; தன் வீட்டு விருந்தினன்; குணவான். நான்கு காரணங்களும் கொலைக்கு எதிராகவே நிற்கின்றன. எண்ணி முடித்தவன், "இக்காரியத்தில் இனி இறங்க வேண்டாம்" என்று மனைவியிடம் சொல்லியும் விடுகிறான். அங்கேயே திரை விழுந்திருந்தால் அவன் நல்லவன். ஆனால் மனைவி அவன் ஆண்மையை இகழ்கிறாள். தான் பாலூட்டிய மதலையைச் சுட்டி, வாக்குக் கொடுத்திருந்தால் அதனையும் கொல்லத் தயங்கேன் என்னும் பொருள்படப் பேசுகிறாள். தன் மனம் எழுப்பிய தடையை அவன் தானே இடித்துவிடுகிறான். அறியாமையால் அவன் வீழ்ந்தான் என்று சொல்ல வழியில்லை.

அதன் பின்னர் நிகழும் கொலைகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். முதற்கொலையைத் தன் கையாலேயே செய்தான், நடுங்கினான், இரத்தம் தோய்ந்த கையைப் பார்க்க அஞ்சினான். அவன் திட்டமிட்ட இரண்டாவது கொலை பாங்கோவினது. அதற்குக் கூலியாட்களை ஏவினான். அவர்களுடைய பகைவன் பாங்கோவே என்று பொய்க்காரணமும் புனைந்தான். மூன்றாவது, மாக்டப்பின் மனைவியும் குழந்தைகளும். மாக்டப் இங்கிலாந்துக்குத் தப்பிப் போய்விட்டான். அக்குழந்தைகளைக் கொல்வதால் வரும் ஆதாயம் அணுவளவும் இல்லை. எனினும் கொன்றான். முதற்கொலைக்கு இரவெல்லாம் யோசித்தவனுக்கு மூன்றாவதற்கு ஒரு நொடி போதுமானதாயிற்று. தீமையின் விலை இவ்வாறு படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும். இதற்கிடையில், உடன் சதி செய்த மனைவிக்கும் பாங்கோவைப் பற்றிய திட்டத்தை அவன் சொல்லவில்லை. அரியணையில் இருவரும் அமர்ந்தனர். அன்றுமுதல் இருவரும் தனியரானார்கள். அவள் உறக்கத்தில் நடந்து கையைக் கழுவிக்கொண்டே மாண்டாள். அவனுக்கு அழவும் நேரமில்லை, மனமுமில்லை.

இவனை நாம் ஏன் வெறுத்து ஒதுக்கிவிடவில்லை? சோக நாடகத்தின் தலைவன் முழு நல்லவனாகவும் முழுத் தீயவனாகவும் இருத்தல் ஆகாது. ஒரு பிழையால் வீழ்பவனாக இருத்தல் வேண்டும் என்று அரிஸ்டாட்டில் வகுத்தார். நம் மொழியிலுள்ள ஒரு நாடகத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராயிருந்த சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட 'மனோன்மணீய'த்தில் குடிலன் என்னும் அமைச்சன் வருகிறான். பாண்டியன் ஜீவகனை ஏய்த்துச் சேரனோடு பகை மூட்டி, இறுதியில் சுரங்க வழியையும் பகைவனுக்குக் காட்டிக் கொடுத்து, அரியணையில் ஏறப் பார்க்கிறான். ஆசையிலே குடிலன் மாக்பெத்துக்கு இளைத்தவனல்லன். ஆனால் அவன் பிடிபட்டபோது நமக்கு மகிழ்ச்சியே உண்டாகிறது. ஏனெனில் அவனுள்ளத்தில் தடை எழவே இல்லை. மாக்பெத்தின் உள்ளத்தில் எழுந்தது. எழுந்ததை அவன் மிதித்தான். குடிலனைப் பார்த்து, "நாம் அவ்வாறில்லை" என்று தேறலாம். மாக்பெத்தைப் பார்த்து அவ்வாறு தேற இயலாது. பம்மல் சம்பந்த முதலியார் இந்நாடகத்தை 'மகபதி' என்று தமிழாக்கித் தந்ததும் அவன் நமக்கும் உரியவன் என்று கண்டதனாலேயே போலும்.

ஸ்காட்லாந்து தொலைவில் உள்ளது என்பார்க்கு மதுரை அருகில்தான் உள்ளது. 1290-களில் பாண்டியநாட்டுக் கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, அங்கு முத்துக்குளிப்பையும் குதிரை வாணிகத்தையும் வியந்து எழுதினார். அந்நாட்டை அரசர் ஐவர், உடன்பிறந்தார், பங்கிட்டு ஆள்வதாகவும் எழுதினார். அவர்களுக்குள் பூசல் மூண்டு படை திரளும்பொழுதெல்லாம், அவர்களைப் பெற்ற தாய் நடுவே வந்து நிற்பாளாம். கையில் கத்தியை எடுத்து, "போரை நிறுத்தாவிடில் உங்களுக்குப் பாலூட்டிய முலைகளை அறுத்தெறிவேன்" என்னும் பொருள்பட மிரட்டுவாளாம். பிள்ளைகள் வாளைக் கீழே போடுவார்களாம். அத்தாய் மறைந்தபின் இவர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வர் என்றும் அவர் குறித்து வைத்தார்.

தாய்ப்பாலைப் பற்றிய பேச்சு இரண்டு கதையிலும் வருகிறது. அங்கே ஒருத்தி பால் குடித்த குழந்தையைச் சுட்டிக் கணவனைக் கொலைக்குத் தூண்டினாள். இங்கே ஒருத்தி அதே பாலைச் சுட்டி மக்களைக் கொலையினின்றும் தடுத்தாள். பாண்டியன் பிள்ளைகளுக்கு ஆசை குறைவா? இல்லை. "நில்" என்று சொல்ல ஒருத்தி இருந்தாள்; அவள் சொல்லுக்கு அவர்களிடம் மதிப்பும் இருந்தது.

அடுத்த தலைமுறையில் அப்படியொரு குரல் இல்லை. 1268 முதல் நாற்பதாண்டுக்கு மேல் ஆண்ட மாறவர்மன் குலசேகர பாண்டியன், பட்டத்தரசியின் மகன் சுந்தரனை விடுத்து, வேறொருத்தியின் மகன் வீரனுக்கு முடிசூட்ட விரும்பினான் என்றும், அது பொறாத சுந்தரன் 1310-ல் தந்தையைக் கொன்று மதுரையில் முடிசூடிக்கொண்டான் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வைத்தார். உடன்பிறந்தார் போர் மூண்டது. வீரனிடம் தோற்ற சுந்தரன் தில்லி சுல்தான் அலாவுதீனின் ஆதரவை நாடினான் என்பதும் அவர் கூற்றே. 1311-ல் மாலிக் காபூரின் படை பாண்டிய நாட்டுக்குள் புகுந்தது. தில்லியின் படை எவ்வாறாயினும் ஒருநாள் வந்திருக்கக்கூடும். ஆனால் அது வந்த நாளில் எதிர்த்து நிற்க ஒரு பாண்டிய நாடு இல்லை. பிளந்த இரண்டு துண்டங்களே இருந்தன. 1323-ல் மதுரை தில்லியின் வசமாயிற்று. தந்தையின் உடலைத் தாண்டி எடுத்த முடி ஓராண்டுகூட நிம்மதியாய்த் தலையில் தங்கவில்லை.

அரசர்களின் கதையோடு நிறுத்திக்கொண்டால், "நமக்கென்ன, நம்மிடம் அரியணையா இருக்கிறது?" என்று வாசகர் புத்தகத்தை மூடிவிடலாம். ஆகவே, நாம் அறிந்த ஒருவரைப் பற்றியும் கூறுகிறோம். பெயரும் ஊரும் வேண்டா.

அவர் பால்வெட்டுக்காரர் ஒருவரின் மகன். தொழிற்சாலை வேலைக்கு இந்த வட்டாரத்துக்கு வந்தவர். பகலில் இயந்திரத்தோடு நின்று, இரவில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் இனாமாகச் சொல்லிக் கொடுத்தவர். சங்கம் ஒன்றில் காரியதரிசியானார். வீடு வீடாகச் சென்று பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று திரட்டி உபகாரச் சம்பள நிதி ஒன்றை உண்டாக்கினார். அவரைவிட யோக்கியதையுள்ள தலைவர் வேறொருவர் இல்லை என்று எல்லாரும் சேர்ந்து தலைவராக்கினார்கள். அதுவரை நடந்தவை அனைத்தும் நல்ல ஆசையின் விளைவுகளே.

இரண்டு தவணைக்கு மேல் ஒருவரே தலைவராயிருத்தல் ஆகாது என்று சங்கத்தில் ஒரு விதி இருந்தது. இரண்டாவது தவணை முடியும் ஆண்டில் அவ்விதி திருத்தப்பட்டது. பின்னர், சங்கத்துக்கு மாளிகை ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் வந்தது. உபகார நிதி மாளிகைக்குக் "கைமாற்றாக"ப் போயிற்று. சங்கத்தின் பொருளாளர் முதியவர். தலைவரைத் தம்பி என்று அழைத்து வளர்த்தவர். "இந்தத் தொகைக்கு ரசீது எங்கே, தம்பி?" என்று கூட்டத்தில் கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார். மூன்றாம் முறை கேட்பதற்குள், பொருளாளரே பணத்தைக் கையாடிவிட்டார் என்று ஒரு பேச்சு ஊரில் உலவியது. அப்பேச்சு எங்கே பிறந்தது என்பதை எல்லாரும் அறிந்திருந்தும் வாய் திறந்தவர் சிலரே. முதியவர் பதவியிழந்தார், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வருவதை நிறுத்திக்கொண்டார். அந்த ஆண்டு உபகாரச் சம்பளத்தை நம்பியிருந்த பிள்ளைகள் வெறுங்கையோடு நின்றனர்.

நாம் நேரில் சென்று நண்பரைக் கேட்டோம். "அண்ணே, எனக்காக ஒரு காசு எடுத்தேனா? நான் விலகினால் இந்தச் சங்கம் இரண்டு நாளில் இடிந்துபோகும்" என்றார். அவர் சொன்னதன் முற்பகுதி உண்மை. ஒரு காசும் எடுக்கவில்லை. பிற்பகுதியைச் சொல்லத் தொடங்கிய நாளே அவர் வீழ்ந்த நாள் என்று நாம் கருதுகிறோம். மாளிகை எழுந்துவிட்டது. வாயிலில் அவர் பெயர் பொறித்த கல் இருக்கிறது. கூடம் திருமணங்களுக்கு வாடகைக்கு விடப்படுகிறது. இரவு வகுப்பு அங்கே நடப்பதில்லை. முதியவர் காலமான அன்று நண்பர் வந்தார், வாசலுக்கு வெளியே சாலையோரத்தில் வெகுநேரம் நின்றார், உள்ளே வரவில்லை, போய்விட்டார். அவர் குடிலன் அல்லர் என்பதை அன்று அறிந்தோம். அதனாலேயே துயரம் இரட்டிப்பாயிற்று.

இனி நாம் எழுப்பிய கேள்விக்கு விடை காண்பது அரிதன்று. உயர விரும்புவது தீமையன்று. தன்னைத் தடுக்க ஒருவரும் இருத்தலாகாது என்று விரும்புவதே தீமையின் தொடக்கம். மாக்பெத் தன் மனச்சான்றை அடக்கினான்; பின்பு உண்மை அறிந்த தோழனை நீக்கினான். சுந்தரன் தந்தையை நீக்கினான். நம் நண்பர் ரசீது கேட்ட கிழவரை நீக்கினார். ஒவ்வொருவரும் ஒரு பகைவனை ஒழித்ததாகவே எண்ணினர். ஒழிந்தது அவர்களைக் காத்து நின்ற வேலி. கடிந்து சொல்லும் பெரியோரை உடன் வைத்துக்கொள்ளுதல் அரசனுக்கு இன்றியமையாதது என்று கண்டு, 'பெரியாரைத் துணைக்கோடல்' என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர்.

ஆனால் தாயின் கத்தியையும் பெரியவரின் கண்டிப்பையும் மட்டும் நம்பியிருத்தல் போதாது. தாய் ஒருநாள் மறைவாள், பெரியவரைத் துரத்திவிடலாம். ஆகையால்தான் மனிதன் விதிகளை உண்டாக்கினான். இந்நாட்டின் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம், ஆண்டுதோறும் சங்கங்கள் பதிவதிகாரிக்குக் கணக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. இதனை வெறும் காகிதத் தொல்லை என்று சலித்துக்கொள்பவர் பலர். மார்க்கோ போலோ கண்ட அத்தாயின் வேலையைத்தான் அக்காகிதம் செய்கிறது. தவணை வரம்பு, தணிக்கை, பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமை ஆகிய இவையெல்லாம் கெட்டவர்களைப் பிடிப்பதற்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. நல்லவர்கள் கெடாதிருப்பதற்காகவும் ஏற்பட்டவை. நல்லவர் தலைவராயிருக்கையில் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர் எண்ணுகின்றனர். அவர் நல்லவராகவே இருந்து முடிய வேண்டும் என்று விரும்புவோர் முதலில் செய்ய வேண்டிய மரியாதை அதுவே.

ஆகவே, பெட்டாலிங் ஜெயாவின் அடுக்குமாடிகளிலும், பிரிக்பீல்ட்ஸ் சந்துகளிலும், கிள்ளான் பட்டினத்திலும் வளரும் நம் பிள்ளைகளிடம் "ஆசைப்படாதே" என்று சொல்ல வேண்டாம். அவர்கள் ஆசைப்பட்டும், படித்தும், எட்டும் வரை எட்டட்டும். அதனோடு மற்றொன்றையும் கற்பிப்போம்: ஏறுகின்ற ஒவ்வொரு படியிலும், தம்மிடம் "ரசீது எங்கே, தம்பி?" என்று கேட்கக்கூடிய ஒருவரையாவது விலக்காமல் உடன் வைத்திருக்க வேண்டும். பேராசை பெருநஷ்டம் என்னும் பழமொழியை இனி மேற்படியில் நிற்பவர்களுக்குச் சொல்லப் பழகுவோம். இத்தனை காலம் அது தவறான விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.